தேரை விட்டுப் பிரிந்த பலகை

தமிழ்நாட்டுக் கோயில் தேர்களில் இடம்பெற்றிருந்து, பின்னர் அவற்றிலிருந்து பிரிந்து வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் சென்று சேர்ந்த மரச்சிற்பங்களின் மூலத்தைக் கண்டறிவது, கற்சிற்பங்களின் மூலத்தையோ செப்புத் திருமேனிகளின் மூலத்தையோ கண்டறிவதைவிடக் கடினமான பணியாகும். கற்சிற்பம் பெரும்பாலும் கல்வெட்டுகளுள்ள ஒரு கட்டடத்தோடு சேர்ந்து நிற்கிறது. செப்புத் திருமேனி கோயிலின் சொத்துப் பதிவேட்டில் தனித்தனியே குறிக்கப்படுகிறது. தேர்ச்சிற்பமோ நூற்றுக்கணக்கான பலகைகளுள் ஒன்றாக, பெயரும் எண்ணும் இன்றி, ‘மரத்தேர் ஒன்று’ என்னும் ஒற்றை வரிப் பதிவுக்குள் அடங்கிவிடுகிறது. அந்தப் பதிவிலிருந்து ஒரு பலகை குறைந்தாலும் பதிவு பொய்யாவதில்லை. 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் ஓசூர், கிருஷ்ணகிரி எல்லைப் பகுதியில் ஆய்வாளர் ஒருவர் மேற்கொண்ட தேடல் இந்தக் கடினத்தின் தன்மையையும், அதைக் கடப்பதற்குரிய வழியையும் ஒருசேர விளக்கவல்லது என்பதால், அதன் நினைவுகள் இங்குத் தொகுத்துரைக்கப்படுகின்றன.

இப்பகுதி இன்று தொழிற்பேட்டையாகவே வெளியுலகுக்குத் தெரிகிறது. 1970களில் சிப்காட் வளாகம் அமைந்த பின்னர், சரக்குந்து, இருசக்கர வாகனம், கைக்கடிகாரம் எனப் பலவகைப் பொருள்களை ஆக்கும் ஆலைகள் ஓசூரைச் சூழ்ந்தன. பெங்களூருவுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் ஜூஜூவாடியைக் கடந்தால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி வந்துவிடுகிறது. ஆயினும் ஆலைகளின் சங்கொலிக்கு நடுவே மலைமேல் சந்திரசூடேஸ்வரரும் மரகதாம்பாளும் எழுந்தருளியிருக்க, மலையடிவாரத்துத் தேர்ப்பேட்டையில் ஆண்டுதோறும் நடைபெறும் தேரோட்டத்துக்குத் தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்று மாநிலங்களிலிருந்தும் மக்கள் திரள்கின்றனர். தேன்கனிக்கோட்டையில் பேட்டராய சுவாமிக்குத் தேர் ஓடுகிறது. சிற்றூர்களில் மாரியம்மனுக்கும் வீரபத்திரருக்கும் சிறிய தேர்கள் உண்டு. எல்லைக்கு அப்பால் ஆனேக்கல் வட்டத்து ஹுஸ்கூரில், மத்தூரம்மன் விழாவுக்கென மரமும் மூங்கிலும் துணியும் கொண்டு நூறு அடிக்கு மேல் எழுப்பப்படும் தேர்களில் ஊரின் பெருமை முழுவதும் உயரத்திலேயே தங்கியிருக்க, இப்பக்கத்துத் தேர்களில் அது பீடத்துச் செதுக்கு வேலையில் தங்கியிருக்கிறது.

தேரின் அமைப்பைச் சுருக்கமாக அறிந்துகொண்டாலன்றி, அதிலிருந்து பிரிந்த பலகையைப் பற்றிப் பேசுதல் இயலாது. விழாக் காலத்தில் கண்ணுக்குப் புலப்படும் உயர்ந்த கூம்புப் பகுதி, மூங்கிலும் மரச்சட்டமும் கொண்டு கட்டி, தொம்பை எனப்படும் உருளை வடிவத் துணித் தொங்கல்களால் அலங்கரிக்கப்பட்டு, விழா முடிந்ததும் பிரிக்கப்படுவது. நிலையாக நிற்பது சக்கரங்களின்மேல் அமர்ந்த மரப்பீடம் மட்டுமே. இப்பீடம், பார் எனப்படும் கனத்த உத்தரங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, அடுக்குகளுக்கு இடைப்பட்ட இடங்களைச் சிற்பப் பலகைகளால் நிரப்பி, மூலைகளில் யாளிகளைப் பொருத்தி அமைக்கப்படுகிறது. அச்சுக்கு அருகே குறுகியும், சுவாமி வீற்றிருக்கும் தேர்த்தட்டை நோக்கி மேலே செல்லச் செல்ல அகன்றும் விரிவது இதன் இயல்பு. சிற்ப நூலான மானசாரம் தனது 43ஆம் அத்தியாயத்தைத் தேரிலக்கணத்துக்கென ஒதுக்கியிருப்பதும், முனைவர் இராசு காளிதாஸ் 1989இல் இடைக்காலத் தமிழகத் தேர்களைப் பற்றித் தனி நூலே வெளியிட்டிருப்பதும், தேரை மரவேலையாக மட்டுமன்றி ஓடும் கோயிலாகவே கருத வேண்டும் என்பதைப் புலப்படுத்துகின்றன.

ஆய்வாளரின் தேடலுக்குக் காரணமாக அமைந்தது, ஓசூர் ஆலை ஒன்றின் வரவேற்புக் கூடத்தில் கண்ணாடிப் பேழைக்குள் நிறுத்தப்பட்டிருந்த, ஏறத்தாழ இரண்டடி உயரமுள்ள வீரபத்திரர் பலகையாகும். வாளும் கேடயமும் வில்லும் அம்பும் ஏந்திய நான்கு கைகள், முழங்காலுக்குக் கீழ்வரை தொங்கும் தலைமாலை, கால்களில் பாதக்குறடு, வலப்பக்கத்தில் ஆட்டுத்தலையோடு கைகூப்பி நிற்கும் தக்கன் என உருவ இலக்கணம் குறைவின்றி அமைந்திருந்தது. முகத்தின் மூக்கு நுனி தேய்ந்திருந்தபோதிலும், மாலையிலுள்ள ஒவ்வொரு தலையின் கண்குழியும் உளிமுனை பட்ட கூர்மையோடு விளங்கியது. பள்ளங்களில் எண்ணெயும் புகையும் சேர்ந்து இறுகிய கருமை, மேட்டுப்பகுதிகளில் யாரோ மெருகெண்ணெய் பூசித் துடைத்ததால் செம்பழுப்பாக வெளிறியிருந்தது. கீழே பித்தளைத் தகட்டில் ‘தென்னிந்தியா, 18ஆம் நூற்றாண்டு’ என்று மட்டும் பொறிக்கப்பட்டிருந்தது. அதன் ஊரை அறிந்து சொல்ல முடியுமா என்று ஆலையின் அலுவலர் ஒருவர் வினவியதே தேடலின் தொடக்கம்.

இத்தகைய வினாவுக்குக் கலை வரலாற்றாளர் முதலில் நாடுவது பாணியை. தலையணி, ஆடைமடிப்பு, உடற்கட்டு, பின்னணிக் கொடிவேலை ஆகியவற்றைத் தேதியும் ஊரும் அறியப்பட்ட சிற்பங்களோடு ஒப்பிட்டு, இது இன்ன வட்டாரத்தது என்று கூறுவது வழக்கமான முறை. காவிரிப் படுகையிலோ பாண்டிநாட்டிலோ ஓரளவு பயன்தரும் இம்முறை, ஓசூர் எல்லையில் விரைவிலேயே முட்டி நின்றுவிடுகிறது. 13ஆம் நூற்றாண்டில் போசள மன்னன் இராமநாதன் இப்பகுதியிலுள்ள குந்தாணியிலிருந்து ஆண்டபோது, தமிழும் கன்னடமும் ஒரே அரசவையின் மொழிகளாக விளங்கின. விசயநகரக் காலத்திலும் அதன் பின்னரும் தெலுங்கு பேசும் பாளையக்காரர்கள் கோட்டைகளைக் காத்தனர். பின்னர் மைசூர் அரசு இப்பகுதியைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்தது. 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கிருஷ்ணகிரி உள்ளிட்ட பாராமகால் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு மாறியபோதிலும், மலைக்கு மேற்பட்ட ஓசூர் மேட்டுநிலம் 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகே கும்பினிக்கு உரியதாயிற்று. அதாவது, இன்று ஒரே மாவட்டத்துக்குள் அடங்கும் இரண்டு ஊர்கள் ஏழாண்டுக் காலம் இருவேறு அரசுகளின்கீழ் இருந்தன. இரண்டிலும் உளி பிடித்த ஆசாரிகளோ அதற்கு முன்பும் பின்பும் எல்லை பாராமல் வேலை தேடிச் சென்றனர்.

உருவத்தைக் கொண்டு ஊரை அறியலாம் என்பதும் இங்குப் பொருந்தவில்லை. இருதலைப் பறவையான கண்டபேருண்டம் மைசூர் உடையார்களின் சின்னமாக அறியப்பட்டாலும், விசயநகரத்து அச்சுத தேவராயரின் காசுகளிலேயே அது இடம்பெற்றுவிட்டது என்பதால், ஒரு பலகையில் அது இருப்பது மைசூர்த் தொடர்புக்கு உறுதியான சான்றாகாது. வீரபத்திரரைக் கன்னட வீரசைவர்களும், தெலுங்கு பேசும் குடிகளும், இப்பகுதியின் குரும்பர் சமூகத்தாரும் ஒருங்கே வழிபடுகின்றனர். வைணவப் பலகையாயின் நெற்றி நாமம் வடகலையா தென்கலையா என்று பார்த்துத் தேடல் பரப்பைப் பாதியாகவேனும் குறைத்துக்கொள்ளலாம். சைவப் பலகையில் அதற்கும் இடமில்லை. ஆலைக் கூடத்துப் பலகையைக் கண்ட வல்லுநர்களுள் சிலர் அதைக் கன்னட நாட்டது என்றும், வேறு சிலர் கொங்கு நாட்டது என்றும் கருதியதற்குக் காரணம் இதுவே. இருசாராரும் காட்டிய ஒப்புமைகள் பொருத்தமானவையாகவே இருந்தன.

எனவே ஆய்வாளரின் கவனம் சிற்பத்தின் முகத்திலிருந்து மரத்துக்கு நகர்ந்தது. தமிழகத் தேர்களில் இலுப்பை, வேங்கை, தேக்கு, வாகை முதலிய மரங்கள் பயன்படுகின்றன; அவற்றுள் இலுப்பை எண்ணெய்ப் பசையுடையதாகவும், வெயிலையும் மழையையும் தாங்குவதாகவும் இருப்பதால் சிற்பவேலைக்குச் சிறப்பாக விரும்பப்படுகிறது. மரம் எதுவென்று நிறத்தைக் கொண்டு கூறுதல், நூறாண்டுப் புகையும் எண்ணெயும் ஏறிய பலகையில் இயலாத காரியம். பலகையின் பின்புறத்தில் உளுத்துப் பெயர்ந்திருந்த சிறு சிம்பு ஒன்று, உரியவர்களின் இசைவோடு, பெங்களூருவிலுள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் மரவுடற்கூறு அறிந்தவரிடம் காட்டப்பட்டது. மரத்தின் குறுக்குவெட்டை மெல்லிய சீவலாக எடுத்து நுண்ணோக்கியில் காணும்போது, தேக்கில் ஒவ்வொரு வளர்ச்சி வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசையாகத் தெரியும். வாகையில் துளைகளைச் சுற்றி வெளிறிய திசு சூழ்ந்திருக்கும். வேங்கையின் சிம்பை நீரில் இட்டால் நீர் நீலச்சாயலோடு ஒளிரும். இலுப்பையிலோ துளைகள் சாய்ந்த சங்கிலிகளாக நிற்க, அவற்றின் குறுக்கே நுண்ணிய கோடுகள் நெருக்கமாக ஓடும். அந்தச் சிம்பு இலுப்பை என்பது ஐயமின்றித் தெளிந்தது. ஆனால் இலுப்பை எல்லைக்கு இருபுறமும் வளரும் மரம் என்பதால், பர்மாத் தேக்கு வணிகத்தோடு தொடர்புடைய கடலோர ஊர்களையும் செட்டிநாட்டையும் ஓரளவு விலக்குவதற்கு மட்டுமே அந்த முடிவு உதவியது.

காலத்தை அறிவதற்குப் பலரும் முதலில் பரிந்துரைப்பது கதிரியக்கக் கரிமக் கணிப்பு முறை. இம்முறை பல்லாயிரம் ஆண்டுப் பழமைக்கு ஏற்றது. ஆனால் 1650க்கும் 1950க்கும் இடைப்பட்ட காலத்துப் பொருள்களுக்கு, வளிமண்டலக் கரிமத்தின் அளவு ஏறியிறங்கியதன் காரணமாக, ஒரே அளவீட்டுக்குப் பல தேதிகள் பொருந்திவிடுகின்றன. இன்று எஞ்சியுள்ள தேர்ச்சிற்பங்களில் பெரும்பாலானவை இந்த முந்நூறு ஆண்டுகளுக்குள்ளேயே அடங்குகின்றன. மேலும், அம்முறை மரம் வளர்ந்த காலத்தைக் கூறுமேயன்றி, அதில் உளி பட்ட காலத்தைக் கூறாது. ஆகவே கருவி விட்டுச்சென்ற தடங்களே நம்பத்தக்கவையாயின. ஆலைக் கூடத்துப் பலகையின் பின்புறம், வாய்ச்சி எனப்படும் செதுக்குகருவியால் கொத்தி எடுக்கப்பட்டதற்கு அடையாளமாகச் சிறுசிறு குழிவுகளோடு இருந்தது. இயந்திர வட்ட ரம்பம் விட்டுச்செல்லும் வில்வடிவக் கீறல்கள் காணப்படவில்லை. அதில் தங்கியிருந்த ஒரு முறிந்த ஆணி, கொல்லன் அடித்த நாற்பட்டை ஆணி. பின்னாளில் செய்து பழையதாகக் காட்டப்படும் பலகைகளில், பொட்டாசியம் பர்மாங்கனேட் கரைசலால் ஊட்டப்பட்ட கருமை பள்ளத்திலும் மேட்டிலும் ஒரே சீராகப் படிந்திருக்கும். இப்பலகையில் கருமை படிப்படியாக, எண்ணெயும் சூடப்புகையும் சேரும் இடங்களில் மட்டும் திரண்டிருந்தது. அது ஓடிய தேர் ஒன்றின் உறுப்பாக இருந்தது என்பது இவ்வாறு உறுதியாயிற்று.

தேடலைத் திருப்பிவிட்ட சான்று பலகையின் விளிம்புகளில் இருந்தது. இடவலப் பக்கங்கள் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாமல், அடியில் நெருங்கியும் மேலே விலகியும் சென்றன; அதிலும் இடப்பக்கம் செங்குத்தாக நிற்க, வலப்பக்கம் மட்டுமே சாய்ந்திருந்தது. தேரின் பீடம் மேல்நோக்கி விரிவது என்பதை நினைவிற்கொண்டு பார்த்தால், ஒருபக்கச் சாய்வு என்பது அந்தப் பலகை நடுவரிசையில் அல்லாமல், மூலை யாளியை ஒட்டிய கடைசி இடத்தில் பொருத்தப்பட்டிருந்ததைக் காட்டுகிறது. அடியிலும் முடியிலும் கழுந்து எனப்படும் துருத்து நாக்குகள் இருந்தன. அவை உத்தரத்தில் வெட்டிய காடிக்குள், அதாவது நீண்ட பள்ளத்துக்குள், செருகப்படுபவை. மேற்கழுந்தின் தடிப்பு கீழ்க்கழுந்தின் தடிப்பைவிடச் சற்றே மிகுந்திருந்தது. சிற்பத்தின் கீழ்ப்பகுதியில் சேற்றின் கறையும், தேங்காய் உடைத்த நீர் தெறித்து மரம் வெளிறிய தடமும் காணப்பட்டமையால், அது கைக்கெட்டும் உயரத்திலுள்ள கீழடுக்குக்கு உரியது என்றும் கருதப்பட்டது. இவ்வாறு ‘எந்த வட்டாரத்தது’ என்னும் வினா விலகி, ‘எத்தகைய தேரின், எந்த அடுக்கின், எந்த மூலையில் நின்றது’ என்னும் வினா அதன் இடத்தைப் பிடித்தது. முதல் வினாவுக்கு விடை தேட நூலகம் வேண்டியிருந்தது போல, இரண்டாம் வினாவுக்குத் தேர்க் கொட்டகைகள் வேண்டியிருந்தன.

நூலகம் முற்றிலும் கைவிட்டதாகவும் கூறுவதற்கில்லை. அலெக்சாண்டர் ரீடு காலத்துப் பாராமகால் ஆவணங்கள், 1883இல் லெ ஃபானு தொகுத்த சேலம் மாவட்டக் கையேடு, 1918இல் ரிச்சர்ட்ஸ் எழுதிய மாவட்டக் குறிப்பேடு ஆகியவை, மானியங்களையும் நில வருவாயையும் பற்றிய செய்திகளின் வழியே எந்தெந்தப் பகுதிகளைத் தேடலாம் என்னும் நிலப்படத்தை அமைத்துத் தந்தன. ஆயினும் அரசு ஆவணம் நிலத்தை அளந்த அளவுக்கு மரத்தை அளக்கவில்லை. அதன்பின் ஆய்வாளர் கேளமங்கலம், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர்களுக்குச் சென்று, தகரக் கொட்டகைகளில் நின்ற தேர்களின் கீழடுக்குகளை அளவுக்கயிறும் கைவிளக்கும் கொண்டு பார்த்துவந்தார். அவற்றுள் ஒரு சிறிய தேரில், மூலை யாளியை ஒட்டிய ஓரிடத்தில் சிற்பத்துக்குப் பதிலாக வெறும் பலகை ஆணியடித்து மறைக்கப்பட்டிருந்தது. அடுத்திருந்த பத்திரகாளிப் பலகையிலும் அதே உளியின் கண்குழிகள் தென்பட்டன. மறைப்புப் பலகையின் ஓரத்து இடுக்கில் தெரிந்த காடியின் அகலமோ கழுந்தின் தடிப்போடு மேலும் கீழும் ஒத்திருந்தது.

அவ்வூரில் பலகை காணாமல் போனதாக எவரும் புகார் செய்திருக்கவில்லை; அதற்கான காரணத்தை ஊர்ப் பெரியவர் ஒருவர் தமக்கு இயல்பான முறையில் விளக்கினார். “பழசைக் கழட்டுனா அது ஆசாரிக்குத்தான் சார். கூலியில பாதி காசு, பாதி மரம். கோயில்ல வச்சா கரையான்தானே தின்னும்?” என்றார் அவர். முந்தைய தலைமுறையில் அச்சு முறிந்து தேர் பழுதுபார்க்கப்பட்டபோது, உளுத்துப்போனதாகக் கருதப்பட்ட சில பலகைகள் கழற்றப்பட்டு வேலை செய்தவரிடம் ஒப்படைக்கப்பட்டன; அவரிடமிருந்து பழைய மரச்சாமான் வாங்கும் வணிகர் கைக்கும், அங்கிருந்து நகரத்துக் கடைக்கும், கடையிலிருந்து ஆலைக் கூடத்துக்கும் வீரபத்திரர் பலகை சென்றிருக்கிறது. கைமாறிய ஒவ்வொரு இடத்திலும் ஒரு செய்தி உதிர்ந்தது: ஆசாரிக்கு ஊரும் அடுக்கும் தெரியும், வணிகருக்கு ஊர் மட்டும் தெரியும், கடைக்காரருக்கு வட்டாரம் தெரியும், பித்தளைத் தகட்டுக்குத் தென்னிந்தியா மட்டுமே தெரிந்தது.

பழம்பொருள் என்றதும் சிலைத் திருட்டு நினைவுக்கு வருவது இயல்பே. 1972ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 1976இல் நடைமுறைக்கு வந்த தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம், நூறாண்டுக்குக் குறையாத சிற்பங்களைத் தொல்பொருள்களாக வரையறுத்து, தனியார் அவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்வதைத் தடுக்கிறது. அவற்றை விற்பவருக்கு உரிமம் வேண்டும் என்கிறது. கோயில் சொத்தைக் கோயிலார் தம் விருப்பப்படி அகற்றுவதற்கும் சட்டத்தில் இடமில்லை. இருப்பினும் அந்த எல்லைப் பகுதியில் ஆய்வாளர் கண்ட அளவில், தேர்ச்சிற்பங்களை அவற்றின் இடத்திலிருந்து பெயர்த்ததில் களவுக்கு இருந்த பங்கைவிடத் திருப்பணிக்கு இருந்த பங்கே பெரிது. களவு போன பொருளுக்கு முதல் தகவல் அறிக்கையேனும் எஞ்சுகிறது; பக்தியோடும் நல்லெண்ணத்தோடும் கழற்றப்பட்ட பலகைக்கு ஒரு துண்டுக் காகிதமும் எஞ்சுவதில்லை. லண்டனிலுள்ள பிரித்தானிய அருங்காட்சியகம் போன்ற இடங்களில் தமிழகத் தேர்ச்சிற்பங்கள் ஊர்ப்பெயர் இன்றியே நிற்க நேர்வதற்கு, அவற்றை வாங்கியவர்களின் அக்கறையின்மை எத்துணைக் காரணமோ, அத்துணைக் காரணம் அவை தேரை விட்டு இறங்கிய நாளில் எவரும் எதையும் எழுதிவைக்காமையும் ஆகும்.

ஒளிப்படமும் இங்கு எதிர்பார்க்கும் அளவுக்குத் துணைசெய்வதில்லை. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலின் நடராசர் திருமேனி 2014இல் ஆஸ்திரேலியாவிலிருந்து மீட்கப்பட்டபோது, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்னரே எடுத்துவைத்திருந்த ஒளிப்படம் வலுவான சான்றாக விளங்கியது. தேருக்கோ எடுக்கப்படும் ஒளிப்படங்களில் பெரும்பாலானவை தேரோட்ட நாளுக்குரியவை. அன்று தொம்பையும் மாலையும் வடம் பிடிப்போர் கூட்டமும் பீடத்தை மறைத்துவிடுகின்றன. ஆண்டின் மற்ற நாள்களில், பலகைகள் தெளிவாகத் தெரியும் நேரத்தில், தேர் கொட்டகைக்குள் பூட்டப்பட்டிருக்கிறது. ஊரார் அனைவரும் கண்டு பழகிய சிற்பத்துக்கு ஒரு படம்கூட இல்லாமல் போவது இவ்வாறே நேர்கிறது.

இத்தேடல் உணர்த்திய முடிவு, பிற பகுதிகளுக்கும் பொருந்தக்கூடியது. தேர்ச்சிற்பத்தின் மூலம் என்பது ஒரு நாட்டின் பெயரோ, அரசமரபின் பெயரோ, பாணியின் பெயரோ அன்று. அது ஒரு குறிப்பிட்ட தேரின் குறிப்பிட்ட அடுக்கில் அந்தச் சிற்பத்துக்கென வெட்டப்பட்ட காடியே ஆகும். பாணியும் உருவமும் மரவகையும் தேடலின் எல்லையைச் சுருக்குவனவே தவிர, விடையைத் தருவனவல்ல. விடை பலகையின் முகத்தில் இல்லாமல், எவரும் காட்சிக்கு வைக்காத பின்புறத்திலும் விளிம்பிலும் இருக்கிறது. விற்பவர் சுவரில் மாட்டுவதற்கு ஏற்றவாறு கழுந்தை அறுத்துச் சாய்வை இழைத்துச் சதுரமாக்கிவிடும்போது, பலகை அழகு குறையாமலேயே தன் ஊரை இழந்துவிடுகிறது.

ஆகவே செய்யத்தக்கது எளிது. தேர் பழுதுபார்க்கப்படும்போது முதல் ஆணியைக் கழற்றுவதற்கு முன், ஒவ்வொரு பலகைக்கும் பக்கம், அடுக்கு, இடம் ஆகியவற்றைக் குறிக்கும் எண்ணைப் பின்புறத்தில் எழுதி, முன்னும் பின்னும் படமெடுத்து, கழுந்தின் அளவையும் மரத்தின் வகையையும் சேர்த்துக் கோயிலின் சொத்துப் பதிவேட்டில் தனித்தனி வரிகளாகப் பதிந்துவிட வேண்டும். மாற்றப்படும் பழைய பலகை கூலியாகவோ விறகாகவோ செல்லாமல், அந்த எண்ணோடு கோயிலிலோ மாவட்ட அருங்காட்சியகத்திலோ தங்க வேண்டும். இதற்கு நிபுணர் குழுவும் பெரும்பொருளும் தேவையில்லை. அடுக்குகளின் பெயரறிந்த ஆசாரி ஒருவரும், ஒரு குறிப்பேடும், கைப்பேசி ஒன்றும் போதும். ஆசாரியின் கூலி முழுவதையும் காசாகவே கொடுத்துவிடும் கோயிலில், பலகை தேரை விட்டு இறங்கினாலும் ஊரை விட்டு இறங்குவதற்குக் காரணம் இராது.